சாந்திநிகேதனின் சீன ஆசிரியர்

மண்ணச்சநல்லூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, இளங்கலை வரலாறு முடித்தவள், நவீன சீன வரலாற்றை முறையாகப் படிக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்று அண்மையில் என்னிடம் கேட்டாள். தில்லிப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், மேற்கு வங்கத்தின் விஸ்வபாரதி ஆகிய மூன்று பெயர்களுக்கு மேல் எனக்கு உடனே சொல்ல வரவில்லை. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் அண்டை நாடு. நம்மோடு ஒரு போர் நடத்திய நாடு. நம் கடைகளில் விற்கும் பொருள்களில் பாதியை அனுப்பும் நாடோ என்று ஐயுறும் அளவுக்கு வணிகம் செய்யும் நாடு. அதன் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றைக் கற்பிக்கும் இடங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிட முடிகிறது.

அந்த மூன்றில் விஸ்வபாரதியின் பெயரை நாம் இந்தப் பொருளில் சொல்ல முடிகிறதென்றால், அதற்குப் பெரும் காரணம் டான் யுன்ஷான் என்ற சீனர். வங்கத்திலும் சீனத்திலும் நன்கு அறியப்பட்ட பெயர் அது. தமிழ்நாட்டில் அவரை அறிந்தவர் குறைவு. நானும் அவரை அவருடைய மகன் வழியாகத்தான் அறிந்தேன். 1980களில் பொருளியல் ஆய்வு மாணவனாக இருந்தபோது, பிரிட்டன், சீனம், இந்தியா ஆகிய மூன்றுக்கும் இடையே நடந்த முக்கோண வணிகம் பற்றி டான் சுங் என்பவர் 1974இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று கையில் கிடைத்தது. தில்லியில் இருந்துகொண்டு சீன மூலங்களையும் ஆங்கில ஆவணங்களையும் ஒருசேரப் படித்து எழுதும் இவர் யார் என்று தேடியபோது தந்தையின் கதை வந்து சேர்ந்தது.

யுன்ஷான் 1898 அக்டோபர் 10 அன்று ஹுனான் மாகாணத்தின் சாலிங் என்ற ஊர்ப்பகுதியில் பிறந்தார். ஹுனான் நெல் விளையும் நாடு. கலப்பின நெல்லைச் சீனத்துக்குத் தந்த யுவான் லோங்பிங் தம் ஆராய்ச்சியைச் செய்ததும் அங்கேதான். அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊரில் வாழ்பவன் என்பதால் இந்தச் செய்தி எனக்கு மனத்தில் தங்கிவிட்டது. அம்மாகாணத்தின் தலைநகர் சாங்ஷாவில் இருந்த முதலாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் யுன்ஷான் படித்தார். சில ஆண்டுகளுக்கு முன்னர் அதே பள்ளியில் படித்துச் சென்றவர் மாசேதுங். அங்கு உருவான இளைஞர் வட்டத்தில் இருவருக்கும் தொடர்பு இருந்தது. 1911 புரட்சியில் பேரரசு வீழ்ந்து, குடியரசு தடுமாறி, படைத்தலைவர்கள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம். அந்த வட்டத்து இளைஞர்களில் சிலர் பிரான்சுக்குப் போனார்கள். சிலர் புரட்சிக்குள் போனார்கள். யுன்ஷான் தெற்கு நோக்கிக் கப்பல் ஏறினார்.

1924இல் மலாயாப் பகுதிக்கு வந்து சீனப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணிபுரிந்தார், பத்திரிகைகளுக்கும் எழுதினார். அதே ஆண்டில்தான் இரவீந்திரநாத் தாகூர் சீனப் பயணம் மேற்கொண்டார். பெய்ஜிங்கில் தாகூருக்கு வரவேற்பும் கிடைத்தது, எதிர்ப்பும் கிடைத்தது. ஆன்மிகம் பேசி எங்களைத் தூங்க வைக்காதீர் என்ற பொருளில் இளைஞர்கள் துண்டறிக்கை விநியோகித்தார்கள். ஆனாலும் இந்தியாவும் சீனமும் மீண்டும் ஒன்றை ஒன்று படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை. 1927இல் தாகூர் சிங்கப்பூர் வந்தபோது இளம் ஆசிரியர் யுன்ஷான் அவரைச் சந்தித்தார். விஸ்வபாரதியில் சீன மொழி கற்பிக்க வருமாறு அழைப்பு கிடைத்தது. 1928 செப்டம்பரில் யுன்ஷான் சாந்திநிகேதனில் இருந்தார்.

அந்தத் தொடக்கம் மிகச் சிறியது. ஒரு சில மாணவர்கள், ஓர் ஆசிரியர், படிக்க நூல்கள் மிகக் குறைவு. கற்பித்துக்கொண்டே அவர் சம்ஸ்கிருதமும் கற்றார். மனைவி சென் நைவெய் மலாயாவில் இருந்தார். அங்கே 1929இல் மகன் டான் சுங் பிறந்தார். ஒரு துறையை உருவாக்குவது என்றால் முதலில் நூலகம் வேண்டும், பிறகு கட்டடம் வேண்டும், இரண்டுக்கும் பணம் வேண்டும் என்பதை யுன்ஷான் விரைவில் உணர்ந்தார். தாகூரிடம் கனவு இருந்தது, பணம் இல்லை.

இதற்கிடையில் அவர் திபெத்துக்குப் போனார். லாசாவில் பதின்மூன்றாம் தலாய் லாமாவைக் கண்டு இந்தியா திரும்பி, 1931இல் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். பிறகு சீனம் சென்றார். நான்ஜிங்கிலும் ஷாங்காயிலும் கல்வியாளர்களையும் ஆட்சியாளர்களையும் தேடித் தேடிப் பேசினார். பெய்ஜிங் பல்கலைக்கழகத்தை நவீனமாக்கிய சாய் யுவான்பெய், கோமின்டாங் கட்சியின் முக்கியத் தலைவர் தாய் ஜிதாவ் போன்றோர் துணை நின்றனர். 1933இல் சீன இந்தியப் பண்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. நிதி திரண்டது, பல்லாயிரம் நூல்கள் கப்பல் ஏறின.

1937 ஏப்ரல் 14, வங்கப் புத்தாண்டு நாள். அன்று சாந்திநிகேதனில் சீன பவனம் திறக்கப்பட்டது. தலைமை தாங்க வேண்டிய ஜவாஹர்லால் நேரு உடல்நலமின்றிப் போனதால், அவர் எழுதியனுப்பிய உரையோடு மகள் இந்திரா வந்தார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சீனவியலுக்கென்றே தனிக் கட்டடமும் நூலகமும் எழுந்தது அதுவே முதல் முறை. யுன்ஷான் அதன் இயக்குநரானார்.

மூன்று மாதங்கூட ஆகவில்லை. ஜூலை 7 அன்று பெய்ஜிங் அருகே மார்க்கோபோலோ பாலத்தில் துப்பாக்கிச் சூடு தொடங்கி, அது ஜப்பானின் முழுப் படையெடுப்பாக மாறியது. ஆண்டு முடிவதற்குள் தலைநகர் நான்ஜிங் வீழ்ந்தது. பண்டைய பௌத்த நூல்களைப் படிப்பதற்காகத் திறந்த பவனத்தின் வாசலுக்கு நவீன சீன வரலாறு தானாக வந்து நின்றது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யுன்ஷான் இப்போது இந்திய மக்களுக்குச் சமகாலச் சீனத்தை விளக்க வேண்டியவரானார். நவீன சீனத்தின் அரசியல், பொருளாதார, சமூக வரலாறு பற்றிய அவருடைய நூலை 1938இல் வால்டேரிலிருந்து ஆந்திரப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மருத்துவர் கோட்னிஸ் அடங்கிய இந்திய மருத்துவக் குழு சீனம் சென்றதும் அதே ஆண்டில்தான்.

இங்கே சற்று நின்று, நம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சீனம் என்றதும் தமிழர்களாகிய நாம் பேச எடுத்துக்கொள்வன எவை? காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதிய யுவான் சுவாங், போதிதருமர், இராசராசன் காலத்து நாகப்பட்டினம் விகாரம், 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சுவான்சோ நகரம். எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைக்குரியவை. பதின்மூன்றாம் நூற்றாண்டோடு நம் சீன அறிவு முடிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். நாகப்பட்டினத்தில் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற சீனக் கோபுரம் 1867 வரை இருந்தது. இயேசு சபையினர் அரசின் அனுமதி பெற்று அதை இடித்தனர். அங்கே அவர்கள் நடத்திய கல்லூரி 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது. புனித வளனார் கல்லூரி என்று இன்று நாம் அறிவது அதைத்தான். கோபுரம் நின்ற ஊரைவிட நாங்கள் பின்னாளில் படித்த பாடத்திட்டம் எனக்கு அதிக வியப்பு தருகிறது. வரலாற்றுத் துறைகளில் 'தூரக் கிழக்கு வரலாறு' என்று ஒரு தாள் இருந்தது. யாருக்குத் தூரம்? லண்டனில் இருந்து பார்ப்பவருக்குத் தூரம். நாகப்பட்டினத்தில் நின்று பார்ப்பவருக்கு அது கிழக்கு, அவ்வளவுதான். அந்தப் பெயரையே மாற்றத் தோன்றாமல், ஆங்கிலேயர் எழுதிய நூலின் சுருக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தேர்வில் தேறினார்கள் பல தலைமுறை மாணவர்கள்.

சீன பவனத்திலும் இந்தச் சாய்வு இருந்தது. அதன் அறிஞர்களின் சாதனை பெரும்பாலும் பழமையைச் சார்ந்தது. மூலம் அழிந்துபோன சம்ஸ்கிருத நூல்களை அவற்றின் சீன மொழிபெயர்ப்பிலிருந்து மீட்டெடுத்தார்கள். தெற்கிலிருந்து சென்ற என். அய்யாசுவாமி சாஸ்திரி, பாவவிவேகரின் கரதலரத்னம் என்ற நூலை யுவான் சுவாங்கின் சீன மொழிபெயர்ப்பிலிருந்து சம்ஸ்கிருதத்துக்கு மீட்டார். 1949இல் அது சாந்திநிகேதனில் வெளியாயிற்று. இதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரு மொழியும் அறிந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. ஆனால் அபினிப் போரையும் தைப்பிங் கிளர்ச்சியையும் 1911 புரட்சியையும் நிலச்சீர்திருத்தத்தையும் சீன மூலங்களைக் கொண்டு ஆராயும் இந்தியத் தலைமுறை அங்கே உருவாகவில்லை.

இதற்கு யுன்ஷான் மட்டுமே பொறுப்பல்ல. நவீன வரலாறு என்பது நேற்றைய அரசியல். பவனத்தின் செலவுக்கு உதவியது அன்றைய சீன அரசு. 1942 பிப்ரவரியில் சியாங் காய்ஷேக் தம் மனைவியோடு சாந்திநிகேதன் வந்தார், நன்கொடை அளித்தார். தாகூர் மறைந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆட்சியின் ஊழலையும் பணவீக்கத்தையும், அது உழவர்களைக் கைவிட்டதையும் அதன் நிதியில் இயங்கும் ஓர் இடத்தில் பாடமாக நடத்த இயலுமா? இயலாது. 1949இல் அதே ஆட்சி தைவானுக்கு ஓடியது. பழைய பள்ளியின் மூத்த மாணவர் பெய்ஜிங்கில் ஆட்சிக்கு வந்தார். விஸ்வபாரதி 1951இல் மத்தியப் பல்கலைக்கழகமாகி, பவனம் இந்திய அரசின் பொறுப்புக்கு வந்திராவிட்டால் யுன்ஷானின் நிலை மிகச் சிரமமாகியிருக்கும். ஓர் ஆய்வுத்துறைக்கு யார் சம்பளம் தருகிறார் என்ற கேள்வி பொருளியல்காரனின் அற்பக் கேள்வி அன்று என்பதை அவருடைய வாழ்க்கையே எனக்குக் காட்டியது.

1950கள் நட்பின் காலம். 1957 ஜனவரியில் சீனப் பிரதமர் சௌ என்லாய் சாந்திநிகேதன் வந்து தேசிகோத்தமப் பட்டம் பெற்றார். சகோதர முழக்கம் எங்கும் ஒலித்தது. முழக்கம் பெருகிய அளவுக்குப் படிப்பு பெருகவில்லை. எல்லைச் சிக்கல் முற்றியபோது, பழைய ஆவணச் சான்றுகளைத் தேடி வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவைச் சேர்ந்த எஸ். கோபால் 1959இல் லண்டனுக்குத்தான் செல்ல நேர்ந்தது. அவர் செய்தது தேர்ந்த வரலாற்றாசிரியரின் வேலை. சீனப் பேரரசின் பதிவேடுகளை நேரடியாகப் படித்து அதே தரத்தில் மதிப்பிடும் இந்திய அறிஞர்களைத் திரட்ட நாடு முற்பட்டிருந்தால், அன்று நடந்த வாதங்கள் இன்னும் உறுதியான தளத்தில் நடந்திருக்கும் என்பது என் கருத்து.

1962 அக்டோபர் 20 அன்று போர் தொடங்கியது. ஒரு மாதத்தில் முடிந்தது. இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ மூவாயிரம் பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டனர். தோல் தொழிலாளர், தச்சர், உணவுக்கடைக்காரர், குழந்தைகள் என்று பலரும் அதில் இருந்தார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்த, தாகூரின் தோழரான பேராசிரியர் திடீரென்று பகை நாட்டுக்காரர் ஆனார். அவரை யாரும் சிறையிடவில்லை. ஆனால் வாழ்நாள் முழுதும் எந்த உறவை வளர்க்கப் பாடுபட்டாரோ அது கண்முன்னே அறுந்து விழுந்தது. அந்த டிசம்பரில் விஸ்வபாரதிப் பட்டமளிப்பு விழாவுக்கு வேந்தராக நேரு வந்தார். கூட்டத்தில் யுன்ஷான் கலங்கிய கண்களோடு அமர்ந்திருந்ததையும், இந்தச் சண்டை சீன மக்களோடும் அவர்கள் பண்பாட்டோடும் அன்று என்ற பொருளில் நேரு பேசியதையும் யுன்ஷானின் குடும்பத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். நேருவும் அன்று உடைந்த மனிதர்தாம்.

போரில் தோற்ற பிறகு நாட்டுக்குப் படிப்பின் நினைவு வந்தது. 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஃபோர்டு அறக்கட்டளை நிதி உதவியது. சீனம் பற்றிய ஆய்விதழ் ஒன்றும் அதே ஆண்டில் தில்லியில் பிறந்தது. நவீன சீனத்தின் வரலாறும் அரசியலும் மொழியும் சேர்ந்து கற்பிக்கப்பட்டன. இதுவும் பகையின் விளைவாக வந்த படிப்பு. எதிரியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்தது. நட்புக்காகப் படித்தபோது பழமையோடு நின்றோம். பகைக்காகப் படித்தபோது எல்லையோடும் கட்சித் தலைமையோடும் நின்றுவிடும் ஆபத்து இருந்தது. அந்த ஆபத்தைத் தாண்டியவர்களில் ஒருவர் டான் சுங்.

தந்தை இந்தியாவில் இருந்த ஆண்டுகளில் மகன் சீனத்தில், போர்களுக்கு நடுவே வளர்ந்தவர். 1950களின் நடுவில்தான் சாந்திநிகேதன் வந்து சேர்ந்தார். பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் நேரு பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். அபினிப் போரின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் 1978இல் வந்தது. என் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு அதில் இருக்கிறது. பிரிட்டனுக்குச் சீனத் தேயிலை வேண்டும்; கொடுக்க வெள்ளி போதவில்லை. பீகாரில் உழவர்களை முன்பணத்தால் கட்டிப்போட்டுக் கசகசா பயிரிட வைத்தார்கள். அந்த அபினி கல்கத்தாவில் ஏலம் போனது. தனியார் கப்பல்களில் சீனத்துக்குக் கடத்தப்பட்டது. அதன் விலையாக வந்த வெள்ளி தேயிலையாக மாறி லண்டன் சென்றது. 1839இல் ஆணையர் லின் சேசூ இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தபோது போர் மூண்டது. 1842 நான்ஜிங் உடன்படிக்கையில் ஹாங்காங் பறிபோனது. இரண்டு கோடியே பத்து லட்சம் வெள்ளி டாலர் இழப்பீடும் சீனத்தின் தலையில் விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில ஆண்டுகள் இந்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அபினியிலிருந்து வந்தது.

அந்தப் போரில் சண்டையிட்டவர்களில் நம்மவரும் உண்டு. 1841 மே மாதம் காண்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில், கொட்டும் மழையில் துப்பாக்கி மருந்து நனைந்துபோக, சினங்கொண்ட கிராமத்தாரிடையே சிக்கிக்கொண்ட படைப்பிரிவு 37ஆம் சென்னைக் காலாட்படையைச் சேர்ந்தது. சீனப் பள்ளிக் குழந்தைகள் சான்யுவான்லியைத் தேசிய எழுச்சியின் தொடக்கமாகப் படிக்கிறார்கள். அந்த மழையில் நின்ற சிப்பாய் சென்னை மாகாணத்தில் எந்த ஊர்க்காரர், என்ன கூலிக்குப் போனார் என்று நம் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் படிப்பதில்லை. நவீன சீன வரலாறு நமக்கு அயல்நாட்டு வரலாறு என்று சொல்வதே எனக்கு ஒப்பவில்லை.

பொருளியல் வகுப்பில் நிலைமை வேறு விதமாகக் கோணலானது. இந்தியா, சீனம் ஒப்பீடு எல்லாப் பாடத்திட்டத்திலும் உண்டு. 1978இல் இரு நாடுகளின் தலா வருமானம் ஏறக்குறைய ஒரே தாழ்நிலையில் இருந்ததும், இன்று அவர்களுடையது நம்முடையதைப் போல ஐந்து மடங்கு ஆனதும், ஹெக்டேருக்கு அவர்கள் சுமார் 7 டன் நெல் எடுக்க நாம் 4 டன்னைச் சற்றே தாண்டி நிற்பதும் மாணவர்களுக்கு மனப்பாடம். ஆனால் கதை 1978இல் டெங் சியாவோபிங்கோடு தொடங்கியதாகவே அவர்கள் நம்புகிறார்கள். அதற்கு முன்பே நடந்த நிலப் பகிர்வு, பெண்களுக்கும் எட்டிய எழுத்தறிவு, கிராம மருத்துவம், அவற்றோடு சேர்ந்து கோடிக்கணக்கில் உயிர் குடித்த 1959 முதல் 1961 வரையிலான பஞ்சம் ஆகியவை இல்லாமல் அந்த எண்களுக்குப் பொருள் கிடையாது. புகழ்வோரும் இகழ்வோரும் ஒரே அறியாமையில் நின்று பேசுவதைக் கருத்தரங்குகளில் பலமுறை கேட்டுச் சலித்திருக்கிறேன்.

யுன்ஷான் 1960களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றார். கலாசாரப் புரட்சியின் ஆண்டுகள் அவை. அவருடைய தலைமுறை அறிஞர்கள் பலர் சீனத்தில் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தப்பட்டார்கள். சீன பவனத்தில் மாணவர் எண்ணிக்கையும் ஊக்கமும் மங்கியிருந்தன. ஓய்ந்து உட்காராமல் அவர் புத்தகயா சென்று, உலக பௌத்தக் கல்விக்கழகம் ஒன்றை நிறுவும் முயற்சியில் இறங்கினார். மீண்டும் நிதி திரட்டல், மீண்டும் கட்டடம். எழுபது வயதைக் கடந்த ஒருவர் தொடக்கத்திலிருந்து தொடங்கினார். 1979இல் விஸ்வபாரதி அவருக்கும் தேசிகோத்தமப் பட்டம் அளித்தது. சௌ என்லாய்க்குக் கொடுத்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து என்பதை நான் கணக்கிடாமல் இருக்க முடியவில்லை.

1983 பிப்ரவரி 12 அன்று புத்தகயாவில் அவர் காலமானார். இரு நாடுகளுக்கும் இடையே தூதர்கள் மறுபடி பரிமாறப்பட்டு அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன; எல்லை பற்றிய பேச்சு மெல்லத் தொடங்கியிருந்தது. சாந்திநிகேதனில் நந்தலால் போஸின் சுவரோவியம் உள்ள சீன பவனம் இன்றும் இருக்கிறது. 1928இல் ஒரு சிலரோடு தொடங்கிய சீன வகுப்பு அங்கே பட்டப்படிப்பாக நடக்கிறது. எங்கள் தெரு மாணவி அதற்கான விண்ணப்ப நாளைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறாள். சீன எழுத்துகள் எத்தனை ஆயிரம் என்பதை இன்னும் அவள் பெற்றோரிடம் சொல்லவில்லையாம்.